மென்று தீராத கணவாய்

என் மகள் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு துண்டு கணவாயில் வந்து நின்றது.

கணவாய் கடலில் கிடக்கும் ஒரு ஜந்து. செதில் கிடையாது. எலும்பென்று சொல்ல ஒன்றும் கிடையாது. முகத்திலேயே கால் முளைத்திருக்கும். கண் மட்டும் நம்மை நன்றாகப் பார்க்கும். மீன் மார்க்கெட்டில் மீனோடு மீனாக அதையும் விற்கிறார்கள். அன்றுவரை நான் அதைக் கையால் தொட்டதில்லை.

நான் மதுரை செல்லூரில் சாயங்காலம் தள்ளுவண்டியில் குடல் கறி போடுகிறவள். குடல், ஈரல், ரத்தப் பொரியல், இட்லி. அவ்வளவுதான். வீட்டுக்காரர் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அவர் ரகசியம் பேசினாலும் தெருமுனையில் பதில் சொல்வார்கள். ஒரே மகள். கோரிப்பாளையம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலை. அங்கேயே மருந்துக்கடையில் நிற்கும் பையனைப் பிடித்துப்போயிற்று. பையனுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடலோரம். அம்மா இல்லை. அப்பா போட்டில் போனவர், இப்போது கரையில் மீன் ஏலம் பார்க்கிறார். அந்த வீட்டில் முடிவெடுப்பது அப்பாவின் தங்கை. பையனுக்கு அத்தை. அத்தைக்கு ஒரு மகள் இருக்கிறாள். முறைப்பெண். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் முதல் தடவை வந்தபோது காபி குடித்தார்கள். அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கொல்லையில் குடல் கழுவும் கல்லை அதிக நேரம் பார்த்தாள். "காப்பி நல்லாருக்கு" என்றாள். போய்விட்டார்கள்.

பெண் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடிக்கலாம். பழம் தின்னலாம். மிக்சரைக் கொறிக்கலாம். சாப்பாடு மட்டும் கூடாது. சாப்பிட்டால் சம்மதம். அதைக் கை நனைப்பது என்போம். எங்கள் பக்கமும் உண்டு, அவர்கள் பக்கமும் உண்டு. கை நனைத்த பிறகு பெண் வேண்டாம் என்று எழுந்து போனவனை ஊரில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். அதனால் சந்தேகம் உள்ளவர்கள் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்து வந்த ஒரு புதன்கிழமை மகள் வேலை முடிந்து வந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை திரும்ப வர்றாங்கம்மா. இந்தத் தடவை சாப்பிட வைக்கணும்."

"ஊட்டியா விட முடியும்?"

"வெளையாடாத. இந்தத் தடவையும் சாப்பிடாமப் போனா, அடுத்த முகூர்த்தத்துல அத்தை மகளுக்குப் பூ வச்சிருவாங்க. அவரால எதுத்துப் பேச முடியாது."

"எதுத்துப் பேசாதவன எதுக்குடி பிடிச்ச?"

"நான் பேசுறதுக்குத்தான்."

அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஓடுகிறது.

"அவுங்க அப்பாவுக்கு ஆட்டுக்கறி அம்புட்டா இறங்காது" என்றாள். "கடல்ல வந்ததுதான் பிடிக்கும். அதுலயும் ஸ்குவிட்னா உசுரு."

"அது என்ன கழுத?"

போனில் படம் காட்டினாள். வழித்து நீட்டிய குடல் மாதிரிதான் இருந்தது. பையன் அவளை ஒருமுறை பைபாஸ் ஓரத்துப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனானாம். அங்கே அதன் பேர் கலமாரி. வளையல் வளையலாகப் பொரித்து, ஒரு இலைத்தழை மேல் வைத்துக் கொடுத்தார்களாம். தட்டு பெரிது, வளையல் கொஞ்சம் என்றாள். பேர் நீளமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

வண்டியில் இட்லி தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "இதக் கேரளாவுல கூந்தல்னு சொல்லுவாங்கக்கா" என்றார். மெட்ராஸில் இருக்கும் என் நாத்தனாரிடம் கேட்டால் அது கடம்பா என்று அடித்துச் சொன்னாள். எங்கள் ஊர் மார்க்கெட்டில் கணவாய். வீட்டுக்காரரிடம் கணவாய் வாங்கப் போகிறோம் என்று சொன்னேன். "ஆண்டிபட்டிக்கா?" என்று கேட்டார். மலையில் பஸ் ஏறி இறங்குகிற இடம்தான் அவருக்குத் தெரிந்த கணவாய். ஓடத் தெரியாத, கத்தத் தெரியாத ஒரு ஜந்துவுக்கு இம்புட்டுப் பேர் எதற்கு என்று தெரியவில்லை. எனக்கு ஊர் முழுக்க ஒரே பேர்தான். குடல்கறியக்கா.

மகள், "யூடியூப்ல எப்படிச் செய்யிறதுன்னு இருக்கும்மா, போட்டுக் காட்டுறேன்" என்றாள். பின்னால் பாட்டுப் போட்டுச் சமைக்கிறவர்கள் பேச்சை நான் கேட்பதில்லை.

"ரெண்டு மூணு நிமிஷம்தான் வேகணுமாம்மா."

"அதுல வேகுறதுக்குப் பேரு நூடுல்ஸ்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் முகத்தையே பார்க்காமல் கேட்டார்.

"ஊசியா, ஓடாக்கா?"

"என்னப்பா அது?"

"இது ஊசிக் கணவாய், ஒல்லியா இருக்கு பாருங்க. இது ஓட்டுக் கணவாய். உள்ள வெள்ளையா ஓடு இருக்கும்."

ஓடு எனக்கு எதற்கு? ஊசியே போடச் சொன்னேன்.

"தோலெடுத்து வளையமா வெட்டித் தரவா?"

"வேணாம். நான் குடல் கழுவுறவ."

"அதுவும் இதுவும் ஒண்ணாக்கா?"

"எல்லாம் வழவழன்னு வர்றதுதான். போடு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் கல்லின் மேல் கொட்டி, தலையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே இருந்ததெல்லாம் கூடவே வந்தது. அது சுலபம். ஆட்டுக்குடல் அப்படி வராது. அடுத்ததை இழுக்கும்போது ஒரு பை உடைந்து கை, கல், சேலை எல்லாம் கறுப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. ஆட்டில் பித்தப்பை உடைந்தால் கறி முழுக்கக் கசந்துவிடும், நாய்கூடத் தின்னாது. அது மைப்பை என்று பிறகுதான் தெரிந்தது; அன்றைக்கு இதுவும் பித்தம்தான் என்று நினைத்தேன். மஞ்சள் போட்டுக் கழுவினேன். சுண்ணாம்பு போட்டுக் கழுவினேன். கல் உப்புப் போட்டுத் தேய்த்தேன். கடலில் இருந்த நாளில்கூட அது அம்புட்டுத் தண்ணீர் பார்த்திருக்காது.

வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றின் வயிற்றுக்குள் விரலை விட்டவர், நீளமாக, கண்ணாடி போல ஒன்றை உருவினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"அடியே! பிளாஸ்டிக்க உள்ள சொருகி வித்திருக்கான்!"

"எடைக்கா?"

"இது தூசி கனம்கூட இல்ல. ஆனா ஏமாத்து ஏமாத்துதான்!"

எல்லாவற்றிலும் விரலை விட்டார். எல்லாவற்றிலும் இருந்தது. அத்தனையையும் உருவி, கழுவி, சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு மொபெட்டில் மார்க்கெட்டுக்கே போய்விட்டார். வேட்டியைக் கட்டிய வேகத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி "யாருக்கு என்னாச்சு?" என்று ஓடி வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்றைக்கு வீட்டு ஆம்பளை கணவாய்க் கடையில் சண்டைக்குப் போயிருக்கிறார் என்று நான் எப்படிச் சொல்வது? தயிர் வாங்கப் போயிருக்கிறார் என்றேன்.

திரும்பி வந்தவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"அதோட எலும்பே அதுதானாம்."

"யார் சொன்னா?"

"கடைக்காரன் சிரிக்கிறான். பக்கத்துக் கடை சிரிக்குது. மீன் வாங்க வந்த பொம்பளையெல்லாம் சிரிக்குது." சட்டைப் பையில் இருந்த அத்தனையையும் எடுத்துக் கல்லில் போட்டுவிட்டுச் சொன்னார்: "பிளாஸ்டிக்க எலும்பா வச்சிருக்கிற ஜந்துவத் திங்கிற வீட்டுலயா பொண்ணக் குடுக்கப் போற?"

"அவுங்க இன்னும் கேக்கவே இல்ல. குளிச்சிட்டு வாங்க."

பிறகு சமையல். குடலுக்கு என்ன உண்டோ அதைத்தான் செய்தேன். வளையமாக வெட்டினேன். இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்பு போட்டுக் குக்கரில் வைத்தேன். குடல் என்றால் நான் விசிலை எண்ண மாட்டேன், வாசனையைப் பார்ப்பேன். இதில் வாசனை ஒன்றும் பிடிபடவில்லை. குத்துமதிப்பாக இறக்கித் திறந்தேன்.

வெட்டும்போது ஒரு சட்டி. இப்போது அடியில் ஒரு கைப்பிடி. வளையம் எல்லாம் சுருங்கி, பைப்புக்குப் போடுகிற வாஷர் மாதிரி கிடந்தது. ஒன்றை அழுத்தினேன். திரும்ப எழுந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன். திரும்பவும் எழுந்தது. குடலுக்கு ஒரே சட்டம்தான். வேகவில்லை என்றால் இன்னும் வேக வை. அதற்கு நடுவில் குழம்பைக் கூட்டி, அதில் துண்டுகளைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். மிளகும் சீரகமும் என் கை அளவு. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. துண்டுதான் குழம்போடு சேராமல் தனியாக நின்றது. எல்லாவற்றையும் திரும்பக் குக்கரில் கொட்டி நாலு விசில் விட்டால் சரியாகும் என்று மூடியைத் தேடினேன்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். காபி நேரத்துக்கே வந்துவிட்டார்கள். அத்தையின் ஏற்பாடு. சோறு வடிப்பதற்கு முன்னால் வந்து, சோறு வடிப்பதற்கு முன்னால் போய்விடுவது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எனக்கு அப்படி ஒரு மகள் இருந்து, அப்படி ஒரு அண்ணன் மகன் இருந்தால் நானும் அந்த ஆட்டோவில்தான் வந்திருப்பேன்.

அத்தை உட்காரும்போதே சொல்லிவிட்டாள்.

"நாங்க அருப்புக்கோட்டையிலயே சாப்பிட்டாச்சு. காப்பி மட்டும் போதும்."

பையனின் அப்பா தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அருப்புக்கோட்டையில் ஆட்டோவோ பஸ்ஸோ நின்றதாகவே அவர் முகத்தில் தெரியவில்லை. பையன் ஃபேனைப் பார்த்தான். என் மகள் பையனைப் பார்த்தாள். வீட்டுக்காரர் நடு வீட்டில் உட்கார்ந்து, "தூத்துக்குடியில மழையா?" என்று தூத்துக்குடிக்கே கேட்கும்படி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா நல்ல கறுப்பு. பேசாத மனுசன். காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூக்கை இழுத்தார்.

"கணவா வாசம் வருதே."

"ஆமா, செஞ்சிருக்கேன்" என்றேன்.

"மதுரையிலயா?"

எழுந்தார். அத்தை "அண்ணே" என்றாள். அவர் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். சட்டியை எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அவரை மாட்டிவிடத்தான் நான் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலர் கதை கட்டினார்கள். தந்திரம் ஒன்றும் இல்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்த ஆள் எதிரில் நின்றார். கேட்டேன்.

"வெந்திருச்சான்னு தெரியல. ஒண்ணு வாயில போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

ஒரு கிண்ணத்தில் துண்டு ஒன்றும் கொஞ்சம் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். அவர் எடுத்து வாயில் போட்டார். மென்றார். நின்றார். திரும்ப மென்றார். தாடை ஒரு பக்கம் போயிற்று, மறுபக்கம் வந்தது. கண்ணில் லேசாகத் தண்ணீர்.

அத்தை வந்து பார்த்துவிட்டாள்.

"அண்ணே! என்ன பண்ணுதிய?"

அவரால் பேச முடியவில்லை. வாயைக் காட்டினார்.

"சாப்பிடுறாரு!" என்றார் என் வீட்டுக்காரர். "மச்சான் சாப்பிட்டாரு! கை நனைச்சாச்சு!" செல்லூரில் பாதித் தறி அந்தச் சத்தத்தில் நின்றிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி உள்ளேயே வந்துவிட்டாள்.

"யாருக்கு யாரு மச்சான்?" என்றாள் அத்தை. "அண்ணன் உப்புத்தான் பாக்காவ. அது சாப்பாட்டுல சேராது."

"வாயில போட்டா சேரும்!" என்றார் வீட்டுக்காரர்.

"முழுங்கினாத்தான் சேரும். இன்னும் முழுங்கலல்லா? அண்ணே, துப்புங்க."

"பொண்ணு வீட்டுச் சோத்தத் துப்புறதா?"

"சோறு எங்க இருக்கு? ஒரு துண்டு கணவா. அதுவும் நின்னுக்கிட்டே. எல நாம போட்டமா, உக்காந்தமா?"

பக்கத்து வீட்டுக்காரி நடுவில் புகுந்தாள். "எங்க ஓர்ப்படியா தங்கச்சிக்கு மாப்பிள்ளையோட சித்தப்பா ஒரு அப்பளத்தக் கடிச்சாரு. அதுக்கே பேசி முடிச்சாங்க. இப்ப ரெண்டு புள்ள."

"அப்பளம் கரைஞ்சிரும். இது கரையலல்லா?" என்றாள் அத்தை. அது சரியான பேச்சு.

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம். மனுசன் மென்றுகொண்டிருந்தார். நிறுத்தினால் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் முழுங்க வேண்டும். ரெண்டில் ஒன்றுக்கும் அவர் இன்னும் வரவில்லை. மெல்வதுதான் அவருக்கு இருந்த அவகாசம். நான் வேக வைத்த வேக்காட்டுக்கு அந்த அவகாசம் மாலைவரை போகும். ஒருமுறை என் மகளைப் பார்த்தார். ஒருமுறை தங்கையைப் பார்த்தார். தங்கை முகத்தைப் பார்த்தபோது மெல்லுவது மெதுவானது. அவருக்கு அந்த வீட்டில் சோறு போடுகிறவள் அவள்தான் என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கே எனக்கு அது பிடிபட்டது. துப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மகள் ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஸ்கேன் எடுக்க வந்தவரிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"மாமா, துப்புறதுன்னா வாஷ்பேசின் அந்தப் பக்கம். முழுங்குறதுன்னா இந்தாங்க தண்ணி. எதுன்னாலும் சரிதான். ரொம்ப நேரம் வச்சுக்காதீங்க, தாடை பிடிச்சுக்கும்."

"தண்ணி குடுக்காத!" என்றாள் அத்தை.

"குடிச்சா என்ன அத்தை, தண்ணிகூடச் சாப்பாட்டுல சேருமா?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா. முழுங்குங்கப்பா."

பையன். ஃபேனை விட்டு இறங்கி வந்து அடுப்படி வாசலில் நின்றான். வேர்த்து ஊற்றியது. அவன் குரலை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அத்தையும் அவன் எதிர்த்துப் பேசி அன்றைக்குத்தான் கேட்டிருப்பாள் போல. வாயைத் திறந்தவள் மூடவில்லை.

"எனக்கு இவதான் வேணும் அத்தை. அப்பா, முழுங்குங்க."

என் மகள் திரும்பவே இல்லை. சொம்பை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

அவர் சொம்பை வாங்கினார். அண்ணாந்து ஊற்றினார். தொண்டை எலும்பு மேலே போயிற்று. அங்கேயே நின்றது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அது கீழே இறங்கியது. கணவாய் போன வழியை நாங்கள் எல்லோரும் நெஞ்சுவரை பார்த்தோம்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார்.

"பொறந்ததுலருந்து கணவா திங்கேன்" என்றார். "இது கணவா இல்ல. செருப்பு."

"அதத்தான நான் அப்பவே சொல்லுதேன்" என்றாள் அத்தை.

"சொன்ன. ஆனா தின்னாச்சுல்லா."

அத்தை அண்ணனையே பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பவில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், நடு வீட்டில் சுவரோரம் உட்கார்ந்தாள். வாசலுக்குப் போகவில்லை. அதுவே பெரிது. நான் அவளுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் குடித்தாள்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சம்மந்தி, சோத்தப் போடுங்க. குழம்பு நல்லாருக்கு, நெறைய ஊத்துங்க. துண்டு மட்டும் வேண்டாம்."

சோறு இன்னும் உலையில்தான் கிடந்தது. உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்.